பலாமரத்தோடு போட்டிக்கு வந்த கோபுரம்

கண்டி,
சனிக்கிழமை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய இராமநாதன் அத்தானுக்கு,

அக்காவின் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் பலாமரமும் சுகம். மரத்தின் சுகத்தை ஏன் எழுதுகிறேன் என்பது, நீங்கள் சட்ட ஆலோசனை சொல்லும் கோபுரக் கொம்பனிக்கு நன்றாகத் தெரியும்.

நேற்றுத் தொலைபேசியில், "வத்சலா, நீ பேசாமல் இரு, உனக்கு ஒரு நட்டமும் இல்லை" என்றீர்கள். பேசாமல்தான் இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மேட்டில் ஒலிபரப்புக் கோபுரம் ஒன்றுதான். அது உங்கள் கொம்பனியுடையது. ஷிரோமி நடத்தும் சிறு வானொலியின் அன்ரனா அதில்தான் இருக்கிறது. கீழேயுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை தமிழில் உடனே போய்ச் சேர்வது அந்த வானொலியால்தான். மழைக்காலம் தொடங்கும் நேரம் பார்த்துக் கொம்பனி வாடகையை மூன்று மடங்காக்கியது. கட்டாவிட்டால் வானொலி மூடப்படும். கோபுரக்காரர் ஒருவர் மட்டும் இருந்தால் வாடகையை அரசாங்கத்தின் ஒலிபரப்பு ஆணைக்குழு நிர்ணயிக்கும். போட்டியாளர் ஒருவர் இருந்தால் கொம்பனி விரும்பியதைக் கேட்கலாம். சட்டம் இவ்வளவுதான். ஆகவே கொம்பனி ஒரு போட்டியாளரைத் தேடியது. என்னைக் கண்டுபிடித்தது.

எங்கள் வீடு மலையின் மறைவில் கிடப்பதால் தொலைக்காட்சி ஒழுங்காகப் பிடிக்காது. அதற்காகப் பலாமரத்தில் ஒரு நீண்ட மூங்கிலைச் சாத்தி, அதன் நுனியில் அன்ரனா கட்டி, பக்கத்து வீட்டுக் கைரியாவுக்கும் கீழ்வீட்டுச் சுப்பம்மாவுக்கும் வயர் இழுத்துக் கொடுத்திருக்கிறேன். காற்றடித்தால் யாராவது அடியில் நின்று மூங்கிலைத் திருப்ப வேண்டும். ஆணைக்குழு அதிகாரி வந்த அன்று, செய்தி நேரத்தில், நான்தான் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"வந்திட்டுதோ?" என்று கத்தினேன்.

"இல்லங்க டீச்சர், செய்தி வாசிக்கிறவருக்கு உடம்பு வந்திருச்சு, தலை வரல!" என்றாள் சுப்பம்மா.

"எங்கட வூட்டுல தலை வந்துட்டு டீச்சர், இனி ஆட்ட வாணாம்!" என்றாள் வேறு அலைவரிசை பார்த்துக்கொண்டிருந்த கைரியா.

அதிகாரி இதை "வாடிக்கையாளர் சேவை" என்று எழுதிக்கொண்டார். கட்டணம் உண்டா என்று கேட்டார். நோன்பு மாதத்தில் கைரியா கஞ்சி அனுப்புவாள் என்றேன். "கட்டணம், பொருளாக" என்று அதையும் எழுதினார். "ஐயா, இது அலையைப் பிடிக்கிறது, பரப்பவில்லை" என்றேன். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தது இந்த ஒரு வாக்கியத்துக்காவது உதவும் என்று நம்பினேன். "பிடிச்சு மற்ற வீடுகளுக்கு அனுப்புறீங்கள்தானே, மிஸ்? அதைத்தான் நாங்கள் பரப்புறது எண்டுறது" என்றார். அடுத்த கிழமை அறிக்கை வந்தது. நான் இந்த மேட்டின் இரண்டாவது அலைபரப்பு நிறுவனமாம்.

அதோடு விட்டார்களா? ஆணைக்குழுவின் மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும் உங்கள் முகாமையாளர் சஞ்சயன் ஆட்களோடு வந்து நின்றார். "அன்ரி, உங்கட அன்ரனா பார்க்கக் கொஞ்சம் ஏழ்மையாக் கிடக்கு. நாங்கள் சும்மாவே திருத்தித் தாறம்." நான் வேண்டாம் என்றேன். சுப்பம்மா வேண்டும் என்றாள். அவளுக்குத் தலை வேண்டும். மூங்கிலைக் கழற்றி, மரத்தை விட உயரமாக இரும்புக் கம்பம் நட்டு, சிவப்பும் வெள்ளையும் பூசி, உச்சியில் விமானத்துக்கு ஒரு விளக்கும் போட்டுவிட்டுப் போனார்கள். போட்டியாளருக்கு வர்ணமடித்து விடும் கொம்பனியை நான் எந்தப் பொருளியல் நூலிலும் கண்டதில்லை.

இனி ஆணைக்குழுவின் வாடகை விசாரணையில் நான் வாய் திறக்கக் கூடாது என்கிறீர்கள். மன்னிக்க வேண்டும் அத்தான். முதலில் அந்தக் கம்பத்தைக் கழற்றி எறியத்தான் நினைத்தேன். இப்ப கழற்ற மாட்டன். போட்டியாளர் எண்டு நீங்கள்தானே பேர் வைச்சனீங்கள், நான் போட்டி போடுறன். ஷிரோமி தன்ரை அன்ரனாவைக் கழற்றிக்கொண்டு நாளைக்கு என்ரை கம்பத்துக்கு வாறாள். அனுமதி கேட்டுப் போனம். "பதிவிலை இருக்கிற நிறுவனம்தானே" எண்டு ஆணைக்குழு உடனே தந்திட்டுது. வாடகை, விழுகிற பலாப்பழத்தைப் பொறுக்கித் தாறது மட்டும். உங்கட கொம்பனி வழக்குப் போடட்டும். நீங்களே கறுப்புக் கோட்டோடை வாங்கோ, தேத்தண்ணி தருவன், கம்பம் தரமாட்டன். அக்கா அழுதாலும் நான் அசையிறதா இல்லை.

கதிர்காமக் கந்தன் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல சுகத்தையும், உங்கள் கொம்பனிக்கு நல்ல புத்தியையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனியும் போட்டியாளருமான
வத்சலா

பி.கு.: தபாற்கந்தோருக்குப் போக மழை விடவில்லை; அதற்குள் எல்லாம் தலைகீழ். ஷிரோமியின் வானொலி என் கம்பத்திலிருந்து பாடிக்கொண்டிருந்தபோதே மேலதிகாரி வந்தார். இருந்த ஒரே வாடிக்கையாளரும் போன ஆத்திரத்தில் சஞ்சயன் பின்னாலேயே ஓடிவந்தார். "சேர், இது கோபுரமே இல்லை, வெறும் பலாமரம்! இந்த மேட்டிலை எங்களை விட்டா வேறை ஆர் இருக்கினம்?" அதிகாரி, "அப்படியா? இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று எழுதிக்கொண்டார். ஆகவே நான் இனிப் போட்டியாளர் இல்லை. வாடகையை ஆணைக்குழுவே நிர்ணயிக்கும், ஷிரோமி கோபுரத்துக்கே திரும்புகிறாள். மேலே எழுதிய வீராப்பையெல்லாம் வாசிக்காததாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்பத்தை மட்டும் திருப்பிக் கேட்க வேண்டாம். சுப்பம்மாவுக்கு இப்போது தலை நன்றாகத் தெரிகிறது.