பல்ப் காக்காவும் மாப்பிள்ளைக் காரும்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஓடிய வாகனங்களில், பல்ப் காக்காவிடம் ஏச்சு வாங்காத வாகனம் ஒன்றுகூடக் கிடையாது. ஆட்களை ஏசினால் திருப்பி ஏசுவார்கள் என்பதால்தான் அவர் வாகனங்களை ஏசினார் என்று சிலர் சொல்வார்கள். அது பச்சைப் பொய். அவர் ஆட்களையும் ஏசினார்.

அவருடைய சொந்தப் பெயர் அவரது பெண்சாதிக்காவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்களுக்கு அவர் பல்ப் காக்கா. காக்கா என்பது மூத்தவருக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதை. பல்ப் அவராகத் தேடிக்கொண்டது. சின்னக் கார் பல்ப் ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்து, ஓதிக் கட்டும் தாவீசு போலக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எந்த வயரில் கரண்ட் இருக்கிறது, எதில் இல்லை என்பதை அந்தப் பல்புதான் அவருக்குச் சொல்லும். தொழப் போகும்போதும் கழற்றமாட்டார். சுஜூதுக்குக் குனியும்போது அது பள்ளிவாசல் தரையில் 'டொக்' என்று இடிக்கும். பக்கத்தில் தொழுகிறவர் பாடு திண்டாட்டம்.

பிழை விடாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். நிறையப் பிழை விடுவார், அதையும் சத்தமாக விடுவார். எங்கள் பக்கத்து வாத்தியாரின் கார் ஒருநாள் அசையவில்லை. பல்ப் காக்கா வாசலில் நின்றபடியே, "வயரிங் முழுக்கப் போச்சு, உரிச்சு எடுக்கோணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பொனற்றைத் திறந்தால் உள்ளே பற்றரியே இல்லை. வீடுகளுக்குக் கரண்ட் சரியாக வராத காலம். வாத்தியாரின் பிள்ளைகள் முதல் நாள் இரவு பற்றரியைக் கழற்றி டிவியில் பூட்டிப் படம் பார்த்துவிட்டு அங்கேயே விட்டிருக்கிறார்கள். எல்லாரும் சிரித்தார்கள். காக்கா அசையவில்லை. "நான் என்ன சொன்ன? வயர்ல கரண்ட் இல்ல எண்டுதானே சொன்ன?"

ஆனால் வேலை செய்வதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. வாகனம் நின்றுபோனால் முதலில் அதைத் தொடமாட்டார். சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்து, "கடைசியாக் கை வெச்ச ஆள் ஆரு?" என்று கேட்பார். பழுது தானாக வருவதில்லை, யாரோ கூட்டி வருகிறார்கள் என்பது அவர் கொள்கை.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெற்றோல் விலை ஏறிய ஏற்றத்தில் எங்கள் பக்கத்து ஹயர் கார்கள் பாதி மண்ணெண்ணெயில் ஓடின. என் ராத்தாவின் கணவர், அதாவது என் மச்சான், வைத்திருந்த பழைய இங்கிலீசுக் காரும் அப்படித்தான். பொனற்றுக்குள் ஒரு சின்னத் தகரத்தில் பெற்றோல் இருக்கும், ஸ்ராட் எடுக்க மட்டும். எஞ்சின் சூடானதும் பெற்றோலை மூடிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். இந்த மாற்றத்துக்குப் பல்ப் காக்கா பழைய லொறி ஒன்றிலிருந்து கழற்றிய சொலனொயிட் வால்வு ஒன்றைப் பூட்டிக் கொடுத்திருந்தார். சுவிச்சைப் போட்டால் கரண்ட் போய் வால்வு 'டிக்' என்று திறக்கும், எண்ணெய் பாயும். நிறுத்தினால் மூடிக்கொள்ளும். அந்த 'டிக்' சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் காக்காவின் முகத்தில் பிள்ளை பெற்ற பெருமை தெரியும்.

எனக்கு இறக்காமத்தில் பெண் பேசியிருந்தார்கள். கலியாணத்துக்கு இன்னும் காலம் இருந்தது. அதற்குள் பெண்ணின் வாப்பாவுக்கு ஈரல் நோய் முற்றி, ஆஸ்பத்திரியில் 'வீட்டுக்குக் கொண்டுபோங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஆள் அனுப்பினார்: "என்ட கையால மகள ஒப்புக்குடுக்கோணும். கெதியா வாங்க." நிக்காஹ்வில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுப்பதுதான் முறை. அவர் பகலில் தெளிவாக இருப்பாராம். பொழுது சாயக் காய்ச்சல் ஏறிவிட்டால் மகளையே அடையாளம் தெரியாதாம். ஆகவே பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்னர் நாங்கள் போய்ச் சேரவேண்டும். நாளை என்பது அவரிடம் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது.

நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். மச்சான் ஓட்டினார். பின்னால் நானும், என் பெரிய மாமாவும், மடியில் வெற்றிலை வட்டாவும். முன் ஆசனத்தில் பல்ப் காக்கா. அவரை யாரும் அங்கே இருக்கச் சொல்லவில்லை. "நான் பூட்டின வால்வு, நான் பக்கத்தில இரிக்கோணும்" என்று ஏறிக்கொண்டார். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேட்டு, அத்தர் வாசம், கழுத்தில் பல்ப்.

அக்கரைப்பற்றைத் தாண்டிக் கிறவல் ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போகையில், வயல்வெளிக்கு நடுவே கார் இரண்டு தரம் விக்கியது. பிறகு நின்றுவிட்டது. திரும்பிய பக்கமெல்லாம் நெல். அந்த ரோட்டில் போகவேண்டிய பஸ் எப்போதோ போய்விட்டது. வண்டில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"எண்ணெய்ல தண்ணி" என்றார் காக்கா, இறங்குவதற்கு முன்பே. குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி, "தூ" என்று துப்பி, "எண்ணெய் சுத்தம்" என்று தன் தீர்ப்பைத் தானே மாற்றினார். பெற்றோலில் ஸ்ராட் எடுத்தால் எஞ்சின் பாட்டுப் பாடியது. மண்ணெண்ணெய் சுவிச்சைப் போட்டால் செத்தது. 'டிக்' இல்லை. ஒவ்வொரு தரமும் தகரத்துப் பெற்றோல் இறங்கிக்கொண்டே போனது.

வால்வுக்கு வரும் வயரில் பல்பை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. "கரண்ட் வாசலுக்கு வந்து நிக்கிது. அப்ப வால்வுதான் மௌத்து." கழற்றி, கையில் வைத்து, நேரே பற்றரியில் தொட்டார். டிக். திரும்பக் காரில் பூட்டினார். சத்தமே இல்லை. கழற்றினார், டிக். பூட்டினார், மூச்சில்லை.

"கையில வெச்சா கதைக்கிது, கார்ல வெச்சா வாய மூடிக்கிது! பொம்புள பாக்க வந்த மாப்புள மாதிரி!" என்று வால்வை ஏசினார்.

"காக்கா, அங்க ஒரு மனிசன் சாகக் கிடக்கிறாரு" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைப்பானேன், அழுதேன். மணமாலையோடு அழும் மாப்பிள்ளையைப் பார்க்க அந்த வயல்வெளியில் ஒரு கொக்காவது இருந்திருக்கும்.

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. வாய்க்கால் கட்டில் போய்க் குந்தினார். கையில் கதைத்த வால்வு காரில் ஏன் கதைக்கவில்லை என்று விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். பெரிய மாமா என்னவோ சொல்ல வாயெடுத்தார். காக்கா கையை உயர்த்தினார். அவ்வளவுதான்.

எழும்பி வந்தபோது அவர் காரைப் பார்க்கவில்லை, மச்சானைப் பார்த்தார். "கடைசியாக் கை வெச்ச ஆள் ஆரு?"

"ஒருத்தரும் இல்ல காக்கா" என்றார் மச்சான், வானத்தைப் பார்த்தபடி.

காக்கா பல்பின் ஒரு வயரைப் பற்றரியில் பிடித்தார். மற்ற வயரை எஞ்சினின் இரும்பில் தொட்டார். எரிந்தது. வால்வின் உடம்பில் தொட்டார். இருட்டு. நகத்தால் சுரண்டினார். நகத்துக்குள் நீலம் ஏறியது.

"இது என்னடா நீலம்?"

மச்சானின் முகம் தொங்கியது. "கலியாணக் கார் எண்டு… உள்ளயும் வடிவா இரிக்கட்டும் எண்டு… கடக்கரக் காத்துக்குத் துரு புடிக்கும் காக்கா. தோணிக்குப் பூசின பெயின்ற் கொஞ்சம் மிச்சம் கிடந்திச்சு. வால்வக் கழட்டி, அடியிலயும் பூசி…"

"தோணிப் பெயின்ற்! இத கடல்ல தள்ளப் போறியா?" ஊருக்குக் கேட்கும்படி ஒரு கத்தல். பிறகு என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், "கரண்ட் போனா மட்டும் காணாது மகன். திரும்பி வரோணும். வால்வுட உடம்பால இறங்கி, காருட இரும்பால பற்றரிக்கு வந்து சேரோணும். இவன் திரும்புற பாதைக்குப் பெயின்ற் பூசிட்டான். பூட்டின ஆணி வழியாக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டு இரிந்திச்சு. கிறவல் ரோட்டுல குலுங்கினதும் அதுவும் விட்டுப் போச்சு" என்றார்.

சுரண்டக் கத்தி இல்லை. காக்கா காருக்குள் எட்டி, வட்டாவிலிருந்த பாக்குவெட்டியை எடுத்தார்.

"டேய், அது பொம்புள வீட்டுக்குக் கொண்டுபோற சாமான்!" என்று பெரிய மாமா பதறினார்.

"மாப்புளயும் பொம்புள வீட்டுக்குக் கொண்டுபோற சாமான்தான். எது முக்கியம்?"

வால்வின் அடியும் அது குந்தும் இரும்பும் வெள்ளி போல மின்னும்வரை சுரண்டிப் பூட்டினார். தகரத்தின் அடியில் கிடந்த பெற்றோல் ஒரு ஸ்ராட்டுக்குப் போதும் போலிருந்தது. எஞ்சின் பிடித்தது. சூடு ஏறும்வரை காத்திருந்தோம். சுவிச்.

டிக்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று முதலில் சொன்னவர் பெரிய மாமா. மச்சான் ஓட்டிய ஓட்டத்தில் வட்டாவிலிருந்த வெற்றிலை முழுவதும் என் தலையில் இருந்தது.

நாங்கள் போய் இறங்கியபோது அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். பெண்கள் குரவை போட்டார்கள். பெண்ணின் வாப்பாவைத் தலையணைகளில் சாய்த்து வைத்திருந்தார்கள். கண் தெளிவாகவே இருந்தது, ஆனால் கை சுடத் தொடங்கியிருந்தது. ஏன் பிந்தியது என்று கேட்டார். பெரிய மாமா நடந்ததைச் சொன்னார்.

"அந்த ஆள் எங்க?"

அந்த ஆள் வெளியே காருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சாரனில் வெள்ளை மிச்சம் இல்லை. அத்தர் போய் மண்ணெண்ணெய் மணத்தது. "இந்தக் கோலத்தில நான் எப்பிடி வாற?" என்று முதல் தடவையாக வெட்கப்பட்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

நோயாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாரும் என்ட மகளுக்கு மாப்புள பாத்தாங்க. கொண்டு வந்து தந்தது இவரு. இவரு சாட்சியா இரிக்கட்டும்" என்றார்.

பல்ப் காக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமனாரின் சுடுகின்ற கை என் கையைப் பிடித்தபோது, ஊரில் உள்ள வாகனத்தையெல்லாம் ஏசிய அந்த மனிதர் குழந்தைபோலத் தேம்பிக்கொண்டிருந்தார். மறுநாளே மாமனார் மௌத்தானார்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் என் மனைவி ஒரு சொல்லைத்தான் எடுப்பாள்: "பல்ப் காக்காவக் கூப்பிடுங்க, அவருதானே சாட்சி!" பல தடவை உண்மையாகவே கூப்பிட்டிருக்கிறோம். வருவார், இரண்டு பேரையும் ஏசுவார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்.

போன நோன்புக்கு முன்னர் காக்கா மௌத்தாகிவிட்டார். மனைவி இப்போது அந்தச் சொல்லை எடுப்பதில்லை. நானும் குரலை உயர்த்துவதில்லை. ஏச அவர் வரமாட்டார் என்று தெரிந்த பிறகு, சண்டை பிடிக்க எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வருவதில்லை.