மூன்றாம் நம்பருக்கு நூற்று இருபத்தேழு டிகிரி

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நம்பியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. இன்னொருவர், அப்பா சொன்னதை நம்பிய முதலாளி. (மூன்றாவதாக நானும் நம்பினேன். அதைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.)

இரண்டாயிரத்துச் சொச்சம். சங்கரன்கோவில் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பன்னிரண்டு வருஷமாக முதலாளியிடம் எதற்கும் வாய் திறக்காத மனிதர், டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்காகத் திறந்தார். "எம் புள்ள கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரி முதலாளி" என்றாராம். மூன்று மாதம் பார்க்கலாம், சரிப்பட்டால் நிரந்தரம் என்று பதில் வந்தது. ஆக, நான் சொதப்பினால் போவது என் வேலை மட்டுமில்லை. அதற்குப் பிறகு அப்பா அந்த ஆளின் முகத்தில் எப்படி விழிப்பார்?

கம்பெனியில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். காசில்லாமல் கிடைக்கிறது என்று அதில் லினக்ஸ் போட்டிருந்தார்கள். பெட்டிகளில் ஒட்டும் ஸ்டிக்கரெல்லாம் அதில்தான் அச்சாக வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத பெட்டி லாரியில் ஏறாது.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு நாள். லாரி வாசலுக்கு வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும். அன்றைக்குப் பார்த்துக் கம்ப்யூட்டர் பத்து நிமிஷம் ஓடும், பொசுக்கென்று அணையும். மறுபடி போட்டால் மறுபடி அணையும்.

நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த ஒரு காகிதம் ஞாபகம் வந்தது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால், உள்ளே எங்கெங்கே சென்சார் இருக்கிறது என்று மெஷினே தேடிக் கண்டுபிடிக்கும். அடுத்த கட்டளைக்கு, எங்கே எவ்வளவு சூடு, ஃபேன் என்ன வேகம் என்று வரிசையாகச் சொல்லும். முதல் கட்டளை, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி கேள்வி மேல் கேள்வி கேட்டது. ஒன்றும் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் என்டர் தட்டினேன். (தலையாட்டத்தான் நமக்கு நன்றாக வருமே.)

இரண்டாவது கட்டளைக்குப் பதில் வந்தது. ஃபேன் வேகம் பூஜ்யம். அதன் கீழே சூடு, மூன்று வரி. ஒன்றாம் நம்பர் நாற்பது. இரண்டாம் நம்பர் எண்பத்தைந்து. மூன்றாம் நம்பர் நூற்று இருபத்தேழு.

ஃபேனாவது சுற்றாமல் இருப்பதாவது, இது சும்மா என்று பூஜ்யத்தைத் தள்ளிவிட்டேன். நூற்று இருபத்தேழை அப்படியே நம்பினேன். தண்ணீரே நூறில் கொதித்துவிடுகிறது. எனக்குக் கருகிய வாசனைகூட வந்தது. (பக்கத்து டீக்கடை வடை என்று பிறகு தெரிந்தது.)

"நூத்தி இருவத்தேழு டிகிரி, வெடிக்கப் போவுது" என்று கத்திக்கொண்டே தையல் ஹாலுக்குள் ஓடினேன். துணியும் பஞ்சுமாக இருக்கிற இடத்தில் அப்படிக் கத்தக் கூடாது. சூப்பர்வைசர் மெயினை இறக்கினார். அறுபது தையல் மெஷின் ஒரே நேரத்தில் நின்றது. டெய்லர்கள் எல்லோரும் வாசலில் லாரியைச் சுற்றி நின்றார்கள்.

அப்பா மட்டும் வெளியே போகாமல் என்னோடு கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தார். தீயணைக்கச் சுவரில் மாட்டியிருந்த சிவப்பு மண் வாளி அவர் கையில் இருந்தது.

"ஏட்டி, தள்ளி நில்லு."

வாளியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். மண் மட்டும் உள்ளே போயிருந்தால் ஸ்டிக்கரும் இல்லை, லாரியும் இல்லை, பன்னிரண்டு வருஷப் பேரும் இல்லை.

"ஏனுங்க மாஸ்டர், சித்த இருங்க."

அயர்ன் செக்‌ஷன் பழனியண்ணன். பின்னாலேயே முதலாளியும் வந்துவிட்டார். பழனியண்ணன் விரலைத் தண்ணீரில் நனைத்துக் கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அயர்ன் பாக்ஸின் சூட்டை அவர் தினமும் பார்ப்பது அப்படித்தான்.

"சுர்ருங்கவே இல்லீங்களே" என்றார் முதலாளியிடம். "நூத்தி இருவத்தேழுன்னா எம் பொட்டியாட்டம் சீறோணுமுங்க."

பக்கவாட்டு மூடியைக் கழற்றினார்கள். உள்ளே பஞ்சு. ஹாலில் பறந்த நூல்தூசி முழுக்க அங்கே வந்து சேர்ந்து, ஃபேன் இருந்த இடத்தில் எலிக்கூடு மாதிரி அடைந்திருந்தது. ஃபேன் அசைய வழியே இல்லை. பாவம், அந்தப் பூஜ்யம் ஒன்றுதான் என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறது.

பழனியண்ணன் தையல் மெஷின் பிரஷ்ஷால் பஞ்சைச் சுரண்டி எடுத்து, ஃபேன் நடுவில் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். (கெட்டிக்காரி டார்ச் பிடித்தாள்.) மெயினைப் போட்டார்கள். நான் கட்டளையைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது. இரண்டாம் நம்பர் நாற்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. மூன்றாம் நம்பர் மட்டும் அதே நூற்று இருபத்தேழு.

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "ஏங் கண்ணு, இது மட்டும் அப்படியே நிக்குதே?"

ஏதாவது பெரிய வார்த்தையாகச் சொல்லிச் சமாளிக்கலாமா என்று காகிதத்தைப் பார்த்தேன். அடியில், நான் படிக்காமல் விட்ட வரி இருந்தது. சென்சாரே மாட்டாத இடத்துக்கும் சில மெஷின் ஒரு நம்பர் காட்டும், அதை நம்ப வேண்டாம் என்று. அப்பா இன்னும் வாளியை இறக்கவில்லை. அவர் முன்னால் எனக்குப் பொய் வரவில்லை.

"அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல முதலாளி. இல்லாத எடத்துக்குத்தான் இந்தச் சூடு. நாந்தான் முழுசாப் படிக்காமக் கத்திட்டேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"செரி உடு கண்ணு. இல்லாத எடத்த உட்டுப்போட்டு, இருக்கற பொட்டிக்கு ஸ்டிக்கரப் போடு" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "மாஸ்டர், வாளிய எறக்கி வைய்யுங்க, கை வலிக்கப் போவுது."

சாயங்காலம் கடைசிப் பெட்டியிலும் ஸ்டிக்கர் ஒட்டி லாரி கிளம்பியது. அது தெரு முனை திரும்பிய பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு நிம்மதி. சனிக்கிழமை மெஷின் துடைக்கிறவர்கள் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். கடைசி வரியில் 'கம்ப்யூட்டர்' என்றும், எதிரே என் பெயரும் இருந்தது. வேலை நிரந்தரம் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதற்குப் பதறினாலும் அப்பா கேட்பது ஒரே கேள்வி, "மூணாம் நம்பரா?" பிற்பாடு என் மகளுக்குப் பள்ளிக்கூட பஸ் தாமதமானாலும் அதே கேள்வி, என் வீட்டுக்காரர் போனை எடுக்காவிட்டாலும் அதே கேள்வி.

போன வருஷம் அவருக்கே நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த முறை என்னால் சிரிக்க முடியவில்லை. டாக்டர் காகிதங்களோடு வந்து, இருதயம் நன்றாக இருக்கிறது, வெறும் வாயு என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணாம் நம்பருதானட்டி. வாளிய எறக்கி வை."

டாக்டர், எந்த வாளி என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.