சுகர் முகாமில் கேஜ் ஏறிய கதை

எதையாவது எளிமையாக விளக்கிவிடுகிறேன் என்று யாராவது கிளம்பினால், அவரைப் பிடித்துக் கட்டிப்போடுவது ஊருக்கு நல்லது. என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

பெங்களூரில் எனக்கு மோஷன் டிசைன் வேலை. எண்களைத் திரையில் ஆடவைத்து, ஓடவைத்துப் புரியவைப்பது. (அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருப்பது: "எம்பொண்ணு பெங்களூர்ல பொம்மை ஆட்டுது.") கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனில் சர்க்கரை நோய் முகாம் வந்தபோது, வீடு வீடாக எடுத்த நோயாளிகள் கணக்கைப் படமாகச் செய்து தரச் சொன்னார் நர்ஸ் அக்கா. குதித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். காரணம் அப்பா. கால் புண் ஆறாமல் கிடந்தும், டெஸ்ட் என்றாலே கட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்பவர். மகள் செய்த படத்தைப் பார்த்தாவது விரலை நீட்டுவார் என்று நம்பினேன்.

வெறும் கோடு போட்டால் யார் பார்ப்பார்கள்? எங்கள் ஊர் ஆயிற்றே! தங்கச் சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் ஷாப்ட் வரைந்தேன். அதில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் இரண்டு. ஒன்றில் பேண்ட் போட்ட பொம்மை, இன்னொன்றில் புடவை கட்டிய பொம்மை. வருஷா வருஷம் நோயாளிகள் கூடக் கூட, கேஜ் மேலே ஏறும். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

முகாம் அன்று ஹாலில் விளக்கை அணைத்தார்கள். கேஜ் ஏற ஆரம்பித்தது. பாதி வழியில் விசில். அப்புறம் கைதட்டல். புடவை பொம்மை முதலில் மேலே வந்து சேர்ந்ததும் பெண்கள் வரிசை எழுந்து குதித்தது.

"பாத்தியா, நம்ம கேஜ்தான் பஸ்ட்டு!" என்று கூவினார் பக்கத்து வீட்டு மேரி ஆன்ட்டி. யாரோ மைசூர்பாகு டப்பாவைத் திறந்துவிட்டார்கள். சர்க்கரை நோய் முகாமில்!

"ஐயோ, மேல வந்தா கெட்டதுங்க!" என்று மைக்கில் கத்தினேன்.

அப்பா எழுந்தார். "இன்னாமா பேசற? எங்கப்பா ஷிப்ட் முடிஞ்சி கேஜ்ல மேல வந்தாதான் எங்கம்மாவுக்கு மூச்சே வரும். மேல வந்தா ஆளு பத்திரம். நம்ம கேஜும் வந்துட்ச்சி. வா, வூட்டுக்குப் போலாம்."

கேஜ் எப்போது மேலே வரும் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கிடந்த ஊரிடம், மேலே வந்தால் ஆபத்து என்று சொன்ன ஒரே அறிவாளி நான்தான்.

கூட்டம் கிளம்பிவிட்டது. அப்பா செருப்பைத் தேடினார். லேப்டாப்பில் மொத்தப் படத்தையும் மேல்கீழாகக் கவிழ்த்து மறுபடியும் ஓட்டினேன். கேஜ் இறங்கியது. ஆனால் உள்ளே இருந்த பொம்மைகளும் கவிழ்ந்திருந்தன! புடவைக்காரி தலைகீழாக, சிரித்த முகம் மாறாமல், பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வாசல் வரை போன கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"ஏசுவே! தலைகீழா போறாங்கடி!" என்று அலறிய மேரி ஆன்ட்டி, வாயிலிருந்த மைசூர்பாகைத் துப்பிவிட்டு டெஸ்ட் மேஜைக்கு ஓடினார். பின்னாலேயே மொத்த ஹாலும் ஓடியது. அங்கே எல்லாருக்கும் முன்னால், ஒற்றைச் செருப்போடு, விரலை நீட்டிக்கொண்டு நின்றார் அப்பா.

சுகர் எக்கச்சக்கம். அன்றைக்கே மருந்து ஆரம்பித்ததால் கால் தப்பியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அதிலிருந்து எங்கள் லைனில் சுகர் உள்ளவர் யார் இனிப்பைத் தொட்டாலும், யாரும் வாயைத் திறப்பதில்லை. உள்ளங்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவதோடு சரி. என் கல்யாணப் பந்தியில் அப்பா நைசாக ஒரு லட்டை எடுத்தார். எதிர் வரிசையில் மேரி ஆன்ட்டி கையைக் கவிழ்த்தார். அடுத்த நொடி பந்தி முழுக்கக் கைகள் கவிழ்ந்தன. அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார், பெருமூச்சு விட்டார், லட்டை என் கணவர் இலையில் வைத்தார்.

"நீங்க சாப்டுங்க மாப்ள. உங்க கேஜ் இன்னும் மேலதான் கீது."