ஒன்றும் ஆகாதவரின் கோட்டு

மனிதர்களில் 'எனக்கு ஒண்ணும் ஆகாது' என்றொரு இனம் உண்டு. ஈரக் கையோடு ஸ்விட்சைத் தட்டுகிறவர், தேதி தாண்டிய மாத்திரையை முகர்ந்து பார்த்துவிட்டு விழுங்குகிறவர், ரயில் நகர ஆரம்பித்த பிறகே ஏறுவது என்று கொள்கை வைத்திருப்பவர் என இதில் பல பிரிவுகள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் மாமனாராகக்கூட இருக்கலாம். நான் சொல்லப்போவது இந்த இனத்தின் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருக்கும் என் சக ஊழியரைப் பற்றி.

எங்கள் நிலையம் பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது. மணல் எலிகளைப் பொறி வைத்துப் பிடித்து, சீப்பால் வாரித் தெள்ளுப்பூச்சிகளைச் சேகரித்து, ஒரு சொட்டு ரத்தமும் எடுத்து, நோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. எலிக்குத் தலைவாரிவிடுகிற உத்தியோகம் என்பான் என் மச்சான். சொல்லிவிட்டுப் போகட்டும். நாங்கள் தேடும் பாக்டீரியாவின் பெயர் எங்கள் தலைவியான டாக்டரம்மாவைத் தவிர வேறு யார் வாயிலும் நுழையாது. வேடிக்கை என்னவென்றால், அதைச் சுமக்கிற எலிக்கு ஒரு தும்மல்கூட வராது. ரோமம் பளபளக்க, வால் நுனிக் குஞ்சம் நிமிர்ந்திருக்க, கண்ணில் திருட்டு முழியோடு, நேற்றுதான் நிச்சயமான மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். அதன் மேலிருந்த தெள்ளு இடம் மாறி யாரைக் கடிக்கிறதோ, அவர்தான் படுக்கையில் விழுவார்.

நம்மவருக்கு எலி பிடிப்பதில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். மணலில் இருக்கும் தடத்தைப் பார்த்தே இது கிழடு, இது குட்டி, இது பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தது என்று சொல்லிவிடுவார். கெட்டிக்காரர், மறுப்பதற்கில்லை. ஆனால் கையுறை போடமாட்டார். எங்களிடம் தினசரிப் படிவம் ஒன்று உண்டு; அதில் 'கையுறை அணிந்தீர்களா?' என்று நாளுக்கு ஒரு கட்டம். மாதம் முதல் தேதியன்று காலையில் முப்பது கட்டத்திலும் 'ஆம்' என்று போட்டுக் கையெழுத்தும் வைத்துவிடுவார். முப்பத்தோராம் தேதி வந்தால் மட்டும் கொஞ்சம் தடுமாறுவார். இத்தனைக்கும் மாதம் தவறாமல் ஒரு பெட்டி கையுறை வாங்கிப்போவார். அது எங்கே போகிறது என்பது எனக்கு நெடுநாள் மர்மமாக இருந்தது.

"கையுறை எங்க?" என்று டாக்டரம்மா கேட்பார்.

"பாக்கெட்டுல பத்திரமா இருக்கும்மா."

"பாக்கெட்டுக்கு நோய் வராது. உங்களுக்குத்தான் வரும்."

"இருபத்திரண்டு வருஷமா வராததா இனிமே வரப்போகுது?"

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார்.

அடுத்தது கோட்டு. எலியிடம் போய்வந்த கோட்டை நிலையத்திலேயே மூடி போட்ட தகர டின்னில் போட வேண்டும். அங்கேயே வெந்நீரில் வேகவைப்பார்கள். இவருக்கு அது ஆகாது. "இவங்க வேகவெச்சா பட்டன் உதிருது. என் வீட்டுக்காரி துவைச்சா பால் மாதிரி இருக்கும்" என்று கோட்டை மாட்டிக்கொண்டே பஸ் ஏறிவிடுவார். வீட்டில் படுக்கையறைக் கதவின் பின்னால் ஒரு கொக்கி. அதில்தான் தொங்கும்.

ஒரு திங்கட்கிழமை அவர் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. புதன்கிழமை அக்குளில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. வியாழன் காலை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார், ஓடினேன். வெள்ளிக்கிழமையும் காய்ச்சல் இறங்கவில்லை. வார்டு டாக்டருக்குச் சின்ன வயது. கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லையே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

"என்ன காய்ச்சல்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து போட முடியும். நாளைக்கு வரைக்கும் இப்படியே விட முடியாது" என்றார் டாக்டர். "வீட்ல நாய், பூனை ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"வெளியில சுத்தற வேலை சார். ஆராய்ச்சி மாதிரி."

எலி என்ற இரண்டெழுத்து அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்தால் இருபத்திரண்டு வருடப் பெருமை அந்தக் கட்டிலடியில் போய்விடும் அல்லவா? நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? பக்கத்தில்தான் நின்றேன். மூத்தவரைக் காட்டிக்கொடுப்பானேன், அவரே சொல்லட்டும் என்று தரையின் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு எண்ணியிருப்பேன்.

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த அந்த அம்மாதான் பேசினார்.

"டாக்டர், இவர் எலி பிடிக்கிறவரு. பாலைவன எலி. அந்தக் கோட்டை வீட்டுக்குக் கொண்டுவருவாரு. நான்தான் துவைக்கிறேன்."

"கையுறை குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க. அதைப் போட்டுக்கிட்டுத்தான் மாசாமாசம் தலைக்கு டை அடிச்சுக்கறாரு. டை பட்டா கை கெட்டுப்போயிடுமாம்."

டாக்டர் நம்மவரின் கறுகறுவென்ற தலையை ஒருமுறை பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு மருந்தை மாற்றினார். நான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, அவர் சொன்ன கிருமியின் பெயரை எழுத்துக் கூட்டி எழுதி வார்டு டாக்டரிடம் கொடுத்தேன். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பத்தாம் நாள் அந்த அம்மா வீடு திரும்பி, முதல் காரியமாகக் கதவுக்குப் பின்னாலிருந்த கொக்கியைப் பிடுங்கி எறிந்தார். கோட்டு வீட்டுக்கு வந்தால் அதை மாட்டிக்கொண்டு வந்தவரும் வாசலிலேயே படுக்கலாம் என்பது இப்போதைய சட்டம்.

நம்மவர் திருந்திவிட்டாரா? கையுறை போடுகிறார். கோட்டை டின்னில் போடுகிறார். ஆனால் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் என் மேஜையருகே வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"பாத்தியா? கடைசி வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலையே."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சீப்பைத் தூக்கி அடித்திருப்பேன். மேஜை மேல் கூண்டில் அன்றைய எலி, ரத்தத்தில் கிருமி இருப்பது உறுதியான எலி, குஞ்சத்தை நிமிர்த்திக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும்தான் ஒன்றும் ஆகவில்லை. ஓடு எண்ணிய எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே சீப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்த நீங்களும் நலம்தானே? வெறும் தொண்டைக் கரகரப்புதான் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினீர்களே, அதற்குப் பிறகும் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? நல்லது. குழந்தை எப்படி இருக்கிறது?