பை நிறைய முள்மரம்

இடது பெருவிரல் குச்சியின் முதுகை அழுத்திப் பிடித்திருக்கிறது. வலது கையிலுள்ள சிறு கத்தி நடுக்கோட்டில் வந்து நின்று, இடப்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. கத்தியைத் திருப்பி எதிர்ச்சாய்வில் இன்னொரு இறக்கம். அரிசிமணி அளவில் ஒரு சீவல் தெறித்து விழ, நேரான, சுத்தமான பள்ளம் ஒன்று தெரிகிறது. உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு. வாயால் ஓர் ஊதல். அடி எது, நுனி எது என்று தெரிய, அடிப்பக்கத்தில் சூடான ஊசியால் ஒரு புள்ளி. அடுத்த குச்சி. அதிலும் இடப்பக்கம், அதிலும் ஒரே வெட்டு.

இவ்வளவு பக்குவமாக வேலை செய்கிற கைகள் ஒரு நேர்மையான மனிதருடையவை என்று நினைப்பீர்கள். பெரும்பாலான நாட்களில் அது சரிதான். இன்றைக்கு மட்டும் அவை ஒரு சூழ்ச்சி செய்துகொண்டிருக்கின்றன.

குறி கேட்பவர்களில் இரண்டு இனம் உண்டு. கேட்டு, வந்த விடையை வாங்கிக்கொண்டு, பேசாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் ஓரினம். இந்த இனத்தைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை. மற்ற இனத்தவர் விடையை முதலே மடியில் முடிந்துகொண்டு, அதற்குப் பொருத்தமான கேள்வியோடு ஊர் சுற்றுகிறவர்கள். கோவிலில் பூக்கட்டிப் பார்க்கும்போது வெள்ளைப் பூவை நினைத்துப்போய்ச் சிவப்புப் பூ வந்தால், 'பாவம், பிளேனிலை வந்த பூ, களைச்சிருக்கும்' என்று இன்னொரு பொட்டலத்தை எடுப்பார்கள். பக்கத்து ஊரான திரான்சியின் சாத்திரியார் கூடாது என்று சொன்ன நாளைக் கனடாச் சாத்திரியார் நல்லது என்று சொல்லும்வரை தொலைபேசியைக் கீழே வைக்கமாட்டார்கள். கைபேசியில் ஒரு செயலி மழை என்றால் இன்னொன்றைத் திறந்து, அதுவும் மழை என்றால் மூன்றாவதைத் திறந்து, எங்கேயோ ஒரு மூலையில் வெயிலைக் கண்டுபிடித்து, குடையில்லாமல் வெளியே போய், நனைந்து திரும்பி வந்து செயலியைத் திட்டுவார்கள். இவர்களை 'இன்னொருக்கா எடுப்போர்' என்று அழைக்கலாம்.

கத்தியைப் பிடித்திருக்கும் இரத்தினம் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி.

ரூ பெர்தொனே என்ற தெருவில் அவருடையது படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை. சாமிப்படம், கல்யாணப் படம், பட்டம் பெற்ற பிள்ளையின் படம், எதுவானாலும் நான்கு மூலையிலும் தாள்கூட நுழையாதபடி பொருத்திக் கொடுப்பார். யாரும் சொல்லித்தந்த தொழில் அல்ல. பழுதாகிய மூலைகள்தான் வாத்தியார். சட்டம் வெட்டினால் துண்டு மிஞ்சும். அந்தத் துண்டுகள் சும்மா கிடந்த காலத்தில்தான், மேல்மாடியில் வசிக்கும் ஜெனவியேவ் தன் தகப்பனார் படத்துக்குச் சட்டம் போட வந்தார். தபால் வேலையில் ஓய்வு பெற்ற பிரெத்தாஞ் மாகாணத்துப் பெண்மணி. பழைய கெல்ட்டியர்களின் ஓகம் எழுத்தைப் பற்றியும், நடுக்கோடு ஒன்றின் இருபக்கமும் வெட்டுப் போட்டு இருபது குச்சிகள் செய்வதைப் பற்றியும், ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு மரம் உண்டென்பதையும், பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தால் அந்த மரம் நமக்கு வழி சொல்லும் என்பதையும் பொழுதுபோக்காகச் சொல்லிவைத்தார். பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

இரத்தினம் மரங்களைப் பிரெஞ்சுப் பெயரிலேயே பாடமாக்கினார். புலோ, வெள்ளைப் பட்டை மரம். அது வந்தால் புதுத் தொடக்கம், புறப்படு என்று அர்த்தம். ஷேன் வந்தால் வலிமை. இஃப் இடுகாட்டு மரம். ஓபெபின் வேலியோரத்து முள்மரம். அது வந்தால் தடை, பொறு, அசையாதே. புலோவுக்கு வலப்பக்கம் ஒரு வெட்டு, ஓபெபினுக்கு இடப்பக்கம் ஒரு வெட்டு. மரங்களோடு சேர்த்து ஜெனவியேவ் சொல்லாத விதிகள் சிலவற்றையும் அவரே உண்டாக்கினார். கை கழுவாமல் எடுத்தது செல்லாது. எடுக்கும்போது யாராவது தும்மினால் செல்லாது. தெற்குப் பார்த்து எடுத்தது செல்லவே செல்லாது. 'வடக்கு' என்று பெயர் வைத்த ரயில் நிலையம் கடைக்குத் தெற்கே கிடக்கிற ஊரில், இந்தக் கடைசி விதி எத்தனையோ குச்சிகளைத் திருப்பிப் பைக்குள் அனுப்பியிருக்கிறது.

கொழுப்புப் பரிசோதனைக்குப் போவதா என்று ஒருநாள் கேட்டார். ஷேன் வந்தது.

"பாத்தீரே கோசலை, வலிமை! வலிமையான ஆளுக்கு என்னத்துக்குப் பரிசோதனை?"

"மரம் சொன்னது உங்கடை கைக்கு. நெஞ்சுக்கில்லை," என்றார் மனைவி.

லெ பிளாங்-மெனிலில் இருக்கும் கோசலையின் தம்பி வீட்டுக்கு விருந்துக்குப் போவதா என்று கேட்டபோது இஃப் வந்தது. இடுகாட்டு மரம். அன்றைக்கு மட்டும் கை கழுவினேனா என்ற சந்தேகமோ, தும்மலோ, திசைக் குழப்பமோ எதுவுமே வரவில்லை. முதல் எடுப்பிலேயே மரத்தின் தீர்ப்புக்குத் தலைவணங்கினார்.

இப்படி எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகள் கஜந்தினிக்குப் பிரெஸ்ட்டில் வேலை கிடைத்தது. பிரெஞ்சு நாட்டின் மேற்கு முனை, அதற்கப்பால் கடல். ஓர் ஆசுப்பத்திரியில் தாதி வேலை, அவள் ஆசைப்பட்ட பிரிவிலேயே. திங்கட்கிழமைக்குள் ஓம் அல்லது இல்லை சொல்லவேண்டும். வீட்டில் ஒரே பிள்ளை. இரத்தினம் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. குச்சியைக் கேட்டார். புலோ வந்தது. கை கழுவிவிட்டுக் கேட்டார். புலோ. திசை மாறி நின்று கேட்டார். வேறொரு மரம் வந்தது. விளக்கத்தைத் தேடிப் பார்த்தால் அதுவும் பயணம்.

இதையெல்லாம் கதவடியில் நின்று பார்த்த கஜந்தினி சொன்னாள்: "அப்பா, ஞாயிறு காலமை நான் எடுக்கிறன். மதாம் ஜெனவியேவும் நிக்கட்டும். புலோ வந்தால் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. ஓபெபின் வந்தால் நான் போகேல்லை. தக்கோர்?"

"தக்கோர், சம்மதம்," என்றார் இரத்தினம்.

அதனால்தான் ஞாயிறு காலை, கடை திறக்குமுன் இந்தக் கத்தி வேலை. வேறொருவர் என்றால் இரண்டு மூன்று ஓபெபினைக் கூடுதலாகச் செய்து பையில் கலந்துவிட்டு, மிச்சத்தைக் கடவுளிடம் விட்டிருப்பார். இரத்தினம் அரைகுறை வேலை பார்க்கிறவர் அல்ல. இருபது குச்சி, இருபதும் ஓபெபின். இருபதிலும் வெட்டு ஒரே ஆழம், ஒரே சாய்வு. களவையும் இழைப்புளி போட்டு இழைத்திருந்தார்.

பத்து மணிக்கு எல்லோரும் கடைக்குள் கூடினார்கள். அங்கிருந்த ஒரேயொரு கதிரை ஜெனவியேவுக்கு. கோசலை கண்ணாடி மேசையில் சாய்ந்து நின்றார். கஜந்தினி பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தாள்.

"ஓபெபின்," என்றார் இரத்தினம், செத்தவீட்டுக் குரலில். "பொறு எண்டு சொல்லுது. நான் என்ன செய்யிறது பிள்ளை? மரம் சொல்லுது."

கஜந்தினியின் முகம் விழுந்துவிட்டது. பிறகு, இரத்தம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அது வேலை செய்தது.

"நான் கை கழுவேல்லை அப்பா. க்ருவாசான் திண்ட கை."

"அது பரவாயில்லை…"

"எப்பிடிப் பரவாயில்லை? உங்கடை விதிதானே?"

கழுவிக்கொண்டு வந்தாள். குச்சியைத் திருப்பிப் போட்டுக் குலுக்கி எடுத்தாள். ஓபெபின்.

"அம்மா தும்மினவ."

"ஓம், தும்மினனான்," என்றார் தும்மாத கோசலை.

மறுபடி குலுக்கல். ஓபெபின்.

"நான் தெக்கை பாத்தெல்லோ நிண்டனான்! யமன்ரை திசை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்று திரும்பி நின்றாள். இந்தத் தடவை பழைய குச்சியைப் பைக்குள் போடவில்லை. அது இடது கையில் இருக்க, வலது கையால் ஒன்றை எடுத்தாள். இரண்டு கையையும் விரித்தாள். இரண்டிலும் இடப்பக்கம், ஒரே வெட்டு.

அவள் தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் சுவரிலிருந்த முருகன் படத்தைப் பார்த்தார். முருகன் எந்தப் பக்கமும் சாயவில்லை.

ஜெனவியேவ் எழுந்து, பையை வாங்கி, கண்ணாடி மேசையில் கவிழ்த்தார். முள்மரம், முள்மரம், முள்மரம்.

"பிரெஸ்ட்டுக்குப் போற பாதை முழுக்க மனுசன் வேலி போட்டிருக்கிறார்," என்றார் கோசலை.

ஜெனவியேவ் ஒரு குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் சொன்னார்: "வெட்டுகள் மிக அழகு, மிஸ்யு இரத்தினம். எங்கள் ஊரிலும் ஓபெபினில்தான் வேலி. மாடு தோட்டத்துக்குள் வராமல் இருக்க."

"இது மாடு வெளியிலை போகாமல் இருக்க," என்றார் கோசலை.

"அம்மா!"

சிரிப்பு எழுந்தபோது கஜந்தினி மட்டும் சிரிக்காமல் நின்றாள். "அப்பா, போகாதை எண்டு வாயாலை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. என்னத்துக்கு இந்த மரவேலையெல்லாம்?"

இரத்தினம் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். புள்ளியெல்லாம் ஒரே பக்கம் வர அடுக்கி முடித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"சொன்னால் நீ கேப்பாய் பிள்ளை. கேட்டு, இஞ்சையே நிண்டிடுவாய். பிறகு மேசையிலை எனக்கு முன்னாலை இருந்து சாப்பிடேக்கை ஒவ்வொரு நாளும் என்ரை மூஞ்சையைப் பாப்பாய். மரம் சொன்னதெண்டால் மரத்தோடை கோவிச்சுக்கொண்டு போயிடலாமெல்லோ."

வெளியே யாரோ இரும்புக் கதவை உயர்த்துகிற ஓசை கேட்டது.

இதுதான் இந்த இனத்தின் இரகசியம். இவர்கள் மூடநம்பிக்கைக்காரர் என்று நினைத்து நாம் சிரிக்கிறோம். மரமும் பூவும் சாதகக் கட்டமும் என்ன சொல்கின்றன என்பதில் இவர்களுக்குத் துளி அக்கறையும் இல்லை. தாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, பழியையும் சுமந்துகொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். பேசாத ஆளென்றால் இன்னும் நல்லது.

"நான் போறன் அப்பா," என்றாள் கஜந்தினி.

"அங்கை குளிர் எண்டு சொல்லினம்."

"மழைதான். குளிர் இஞ்சையைவிடக் குறைவு."

"ஆர் சொன்னது? இன்னொருக்கா…" என்று தொடங்கியவர் கோசலையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் புறப்பட்ட நாளன்று கடைவாசலில் பெட்டியோடு நின்றாள். இரத்தினம் உள்ளே போய், கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு குச்சியோடு வந்தார். புதுக்கட்டை. வலப்பக்கம் ஒரே வெட்டு. புலோ.

கஜந்தினி அடியிலிருந்த புள்ளியை விரலால் தடவினாள். "தலைகீழாய்ப் பிடிச்சால் இது ஓபெபின் எல்லோ அப்பா?"

"பிடியாதை," என்றார்.

அந்த முள்மரக் குச்சிகளைக் கோசலை பல்கனியில் மல்லித்தழைத் தொட்டியைச் சுற்றிக் குத்திவைத்திருக்கிறார். புறா வருவதில்லை. அந்தச் செட்டில் பலித்த குறி அது ஒன்றுதான்.

இரத்தினம் இப்போது புதுச் செட் ஒன்று செய்து முடித்திருக்கிறார். இருபது குச்சி, இருபது மரம், களவு கிடையாது. ஜெனவியேவ் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறார். மனதில் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டுதானே இவ்வளவு தூரம் வாசித்தீர்கள்? வேலையை விடுவதா, வீட்டை விற்பதா, அந்த ஆளுக்குத் தொலைபேசி எடுப்பதா? இதோ, பையின் வாயைத் திறந்து உங்கள் கையில் தருகிறார். எடுங்கள். ஒரேயொரு தரம்.

என்ன, கை கழுவிவிட்டு வருகிறீர்களா?