ஒரு கம்பம் மிச்சம்

கொல்லிமலைக்கு மின்சாரம் கொண்டுவருவதென்று வெள்ளைக்கார சர்க்கார் பெரிய மனது பண்ணியது. அதற்கென்றே 'கம்பிச் சிக்கன ஆபீஸ்' ஒன்றைத் திறந்து, ஓவர்சியர் ராசப்பன் அவர்களை மலையேற்றி விட்டது.

எனக்கு விளக்கு வேண்டாம். பொழுது சாய்ந்தால் படுத்துக்கொள்வோம். ஆனால் கரண்டு வந்தால் சாமை குத்துகிற மிஷின் வரும் என்றார்கள். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு உலக்கை போட்டவர்களுக்குத் தெரியும், நான் ஏன் ஓவர்சியருக்குத் தேனும் பலாச்சுளையுமாகக் கொடுத்தேன் என்று.

ராசப்பன் முதலில் போட்ட கணக்கில் நூற்றிருபது கம்பம். ஆபீஸ் துரை 'குறைக்கவும்' என்று எழுதித் திருப்பினார். ராசப்பன் கம்பத்துக்குக் கம்பம் தூரத்தைக் கூட்டினார், எண்பது ஆயிற்று. மறுபடியும் 'குறைக்கவும்'. பள்ளத்தில் எதற்குக் கம்பம் என்று முகட்டுக்கு முகடு கம்பியை இழுத்தார். பன்னிரண்டே கம்பம். துரை மகிழ்ச்சி தெரிவித்தார்.

ஆறு மாசத்தில் கம்பி எங்கள் தலைக்கு மேலே, பருந்து பறக்கிற உயரத்தில் போயிற்று. கடைசி முகட்டில் ஒரு பல்பைக் கட்டி, மலைக்கு மின்சாரம் வந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

"ஏனுங்க, ஊடெல்லாம் பள்ளத்துல இருக்குது. கரண்டு எப்படிங்க கீழ இறங்கும்?" என்று ராசப்பனைக் கேட்டேன்.

"இறங்க ஒரு கம்பம் வேணும்மா."

"நட்டா என்னங்க?"

"அதைத்தானே மிச்சம் பிடிச்சிருக்கோம்."

"முகட்டுல யாருமே இல்லீங்களே."

"அதான் சௌகரியம். ஆள் இருக்கிற பக்கம் விட்டா கரண்டை எடுத்துச் செலவு பண்ணிடறாங்க."

நான் விடவில்லை. என் நச்சரிப்புத் தாங்காமல் ராசப்பன் ஒரே ஒரு கம்பத்துக்கு விசேஷ உத்தரவு வாங்கிவந்தார். கம்பம் ஓடைக்கரையில், கம்பத்தடியில் மிஷின். எங்கள் மலையில் சில ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. ஓடைக்கு இக்கரை எடப்புளி நாடு, நாங்கள். அக்கரை குண்டூர் நாடு, எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே அத்தாயி வீடு. எந்தக் கரை என்று இரண்டு நாடும் ஒரே பேச்சாகச் சொல்ல வேண்டும் என்றார்.

ஓடையில் முழங்கால் தண்ணீர்தான். அதற்காக நாட்டுக்கென்று ஒரு மரியாதை இல்லையா?

"அவுங்க கரையில நட்டா, நம்ம சாமையைத் தூக்கிட்டு அத்தாயி ஊட்டு வாசல்ல போய் நிக்கோணும். அது ஆகாது" என்றார் எங்கள் வீட்டுக்காரர் சின்னராசு.

அக்கரையிலிருந்து அத்தாயி குரல் கொடுத்தாள்: "அவ ஊட்டுப் பக்கம் நட்டா நான் சாமையை உமியோடவே தின்னுக்கறேன் சாமி."

"ஓடைக்கு நடுவுல நட்டுடலாமா?" என்றார் ராசப்பன்.

"எதுங்க நடு? மழைக்கு ஓடை எங்க பக்கமாத்தான் ஏறுது. முதல்ல அதை அளந்து காட்டுங்க" என்றேன். நான்தான் சொன்னேன்.

எட்டு நாள் பேசி, இரண்டு நாடும் முதல்தடவையாக ஒரே பேச்சுக்கு வந்தன. எங்களுக்கும் வேண்டாம், அவர்களுக்கும் வேண்டாம். பள்ளிக்கூடம் போனவள் என்று மனுவை என்னையே எழுதச் சொன்னார்கள். 'மேற்படி கம்பத்தை எக்கரையிலும் நடாதிருக்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறோம்.' எழுத்து முத்துமுத்தாக இருப்பதாக ராசப்பனே மெச்சினார். மேலும் ஒரு கம்பம் மிச்சம் பிடித்ததற்காக அவருக்குப் பதவி உயர்வு வந்தது.

நான் விடிந்தால் சாமை குத்துகிறேன். தோள்பட்டை கழன்று போகிறது. கொஞ்சம் நிறுத்திக் காதுகொடுத்தால், அக்கரையில் அத்தாயியும் குத்துகிறாள். அப்புறம் எனக்கு வலி அவ்வளவாகத் தெரிவதில்லை.