டாக்டர் சொன்ன வண்ணம்

கதவில் பாதி பச்சையானபோது பெயிண்ட் தீர்ந்துவிட்டது. பெரியமுத்து டப்பாவைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததைக் குச்சியால் வழித்துப் பூசிப் பார்த்தான். மேலே பச்சை, கீழே பழைய சாம்பல் நிறம். பத்து வீடுகள் ஒட்டி நிற்கும் அந்த லயத்தில் ஒரு கதவு மட்டும் பாதி வேலையில் நின்றது.

மாரித்தாய் வெளியே வந்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவனைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"எதுக்கு இது?"

"சும்மாதான்."

ஆடியிலிருந்து அந்த வீட்டில் பேச்சு அவ்வளவுதான். ஆடி மழையில்தான் மகள் பூமாரி போனாள். ஆறு வயது, மூன்று நாள் காய்ச்சல். அதற்குப் பிறகு உப்பு, விறகு, மழை ஆகியவற்றைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

மாரித்தாய் இளைத்துக்கொண்டே போகிறாள் என்று பெரியமுத்து கண்டுபிடித்தது புரட்டாசியில். கன்னம் ஒட்டிவிட்டது, கழுத்தெலும்பு தெரிகிறது என்று தேயிலை பேக்டரியில் சிலுவைராஜிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். எண்ணெய், பெயிண்ட் அறைக்குப் பொறுப்பு சிலுவைராஜ். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஒன்றே ஒன்று கேட்பான்.

"நீ சாப்ட்டியா வே?"

பெண்டாட்டி உடம்பைப் பற்றிப் பேசினால் சோற்றைப் பற்றிக் கேட்கிறானே என்று பெரியமுத்துவுக்கு எரிச்சல் வரும். யார் சோற்றுப் பேச்சை எடுத்தாலும் அவன் எழுந்து போய்விடுவான்.

ஒருநாள் அவளே சொன்னாள், தலை சுற்றுகிறது, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர வேண்டும் என்று. அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. பூமாரியைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே எஸ்டேட் ஆஸ்பத்திரி. அந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று சொல்லியிருந்தவன், சட்டையை மாட்டிக்கொண்டான்.

டாக்டர் புதியவர், கோட்டயம் பக்கம். நர்ஸ் அன்னமேரி முதலில் மாரித்தாயை எடை மெசினில் ஏற்றினாள். வந்ததுதான் வந்தீர்கள் என்று அவனையும் ஏற்றினாள். மாரித்தாய் மாத்திரை வாங்கும் ஜன்னலுக்குப் போன பிறகு, டாக்டர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"நல்லோணம் வண்ணம் வெக்கணம், கேட்டோ."

பெரியமுத்து சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மூணாறுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். மலையாளம் பாதி புரியும். மீதியைத் தமிழால் நிரப்பிக்கொள்வான். வண்ணம் வைக்க வேண்டும். திரும்பி நடக்கும் வழியெல்லாம் யோசித்தான். பிள்ளை போன வீடு இருண்டு கிடக்கிறது. கண்ணுக்கு நிறமாக நாலு பொருள் இருந்தால் மனசு தேறும், மனசு தேறினால் உடம்பு தேறும். படித்தவர்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இதை அவளிடம் சொல்லக்கூடாது. நோயாளிக்கு நோயைச் சொன்னால் நோய் கூடும்.

அப்படித்தான் சிலுவைராஜிடம் கெஞ்சி அரை டப்பா பச்சை வாங்கி வந்து கதவில் தொடங்கினான்.

பெயிண்ட் வாடை சின்ன வீட்டில் அடைத்துக்கொண்டது. மாரித்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. அவன் தன் தட்டை அவள் பக்கம் தள்ளி, "நீ தின்னு. எனக்கு பேக்டரியில குடிச்ச டீயே நெறஞ்சு கெடக்கு" என்றான். அவள் அந்தத் தட்டைப் பார்த்து அழுதாள். பச்சை ராசியில்லை என்று அவன் முடிவு செய்தான்.

சூப்பர்வைசருக்கும் அது ராசியில்லை. லயத்துக் கதவுகளுக்குக் கம்பெனி நிறம் ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமைக்குள் சுரண்டி எடு என்றார். சுரண்டியதில் பச்சையோடு சாம்பலும் போய், கதவு எந்த நிறமும் இல்லாமல் நின்றது.

அடுத்தது சிவப்புக் கண்ணாடி வளையல். பஜாருக்கு இறங்கும்போது அரைக்கால் சட்டை நழுவிக்கொண்டே வந்தது. துணி சரியில்லை என்று திட்டியபடி, வழியில் கிடந்த சணலை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். கடையில், கை மெலிந்துபோயிருக்கும் என்று சொல்லி, இருப்பதிலேயே சின்ன அளவாகக் கேட்டு வாங்கினான். அது மாரித்தாயின் விரல் முட்டியைத் தாண்டவில்லை. அவன் அழுத்தினான். இரண்டு வளையல் உடைந்து அவள் கையில் ரத்தம் வந்தது. உடம்பு இளைத்து, கை மட்டும் வீங்குகிறது என்றால் எவ்வளவு பெரிய வியாதியாக இருக்கும் என்று அவன் பயந்து போனான். இவளும் போய்விட்டால் அந்த வீட்டில் உப்பைப் பற்றிப் பேசக்கூட ஆள் இல்லை.

வீட்டில் மிச்சமிருந்த ஒரே நல்ல நிறம் தகரப் பெட்டிக்குள் இருந்தது. மறுநாள் மாரித்தாய் கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரம் அதை எடுத்து, ஜன்னலில் ஆணியடித்து மாட்டினான். பூமாரியின் மஞ்சள் கவுன். காற்றில் அது அசைந்தபோது வீடு நிஜமாகவே வெளிச்சமானதுபோல இருந்தது.

சாயங்காலம் மாரித்தாய் மேட்டிலிருந்து இறங்கி வந்தவள், தூரத்திலேயே ஜன்னலைப் பார்த்துவிட்டாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கிட்டே வந்ததும் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் பக்கத்தில் நின்றான். மழை வந்தது. இருவரும் நனைந்தார்கள்.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்து போய்க் கவுனைக் கழற்றி மடித்து வைத்தாள். சோறு வடித்து, அவனுக்குப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் தட்டு காலியாகவே இருந்தது. அவன் முதல் கவளத்தை எடுத்தான். எப்போதும் முதல் கவளம் மடியில் உட்கார்ந்திருக்கும் பூமாரிக்குத்தான். அதை எங்கே வைப்பது என்று ஆடியிலிருந்து அவனுக்குத் தெரியவில்லை. தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு மாரித்தாய் பக்கம் தள்ளினான்.

"நீங்க தின்னாத்தான் நானும்" என்றாள்.

சாப்பிடாமல் இருக்க அவள் சொல்லும் சாக்கு அது என்று நினைத்தான்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்குப் போயிருந்தார். அன்னமேரி மட்டும் இருந்தாள். கதவு, வளையல், கவுன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டான்.

"டாக்டர் வேற நெறம் ஏதும் எழுதித் தருவாராம்மா?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டர் என்னதான் சொன்னார் என்று கேட்டாள். அவன் மலையாளத்தை அப்படியே சொல்லிக் காட்டினான். அன்னமேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கையிலிருந்த பேனா மேசையில் உருண்டது.

"அண்ணே, அவுக பாசையில வண்ணம்னா சதைண்ணே. நல்லாச் சாப்ட்டு ஒடம்பு போடணும்னு சொல்லியிருக்காரு."

பெரியமுத்துவும் சிரித்தான். ஆடிக்குப் பிறகு முதல் தடவை. இவ்வளவுதானா, இது அவன் கையில் இருக்கிற காரியம் அல்லவா.

"அப்ப அவளுக்கு ஒரு டானிக்கு குடும்மா. முட்டை வாங்கிப் போடுதேன், ஈரல் வாங்கிப் போடுதேன். என் சோத்தையும் சேத்து அவளுக்கே குடுத்துருதேன்."

அன்னமேரியின் சிரிப்பு நின்றது. எடை நோட்டைப் பிரித்து ஒரு பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அவன் இடுப்பில் இருந்த சணலைப் பார்த்தாள். நோட்டை அவன் பக்கம் திருப்பி, அவன் பெயருக்கு நேரே விரலை வைத்தாள்.

"அண்ணே, அக்கா எடை கொறையவே இல்ல, ஒங்கள இந்த மெசின்ல ஏத்தணுமேன்னுதான் அன்னைக்கு அவுக தலை சுத்துதுன்னு பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தாக."